வாய்க்கால் கடைசி அந்தோனியார்

எங்கள் பக்கம் ஒரு கோயிலின் வரலாற்றை எழுதச் சொல்லி யாரிடம் கேட்டாலும், ஆயர்மாரில் தொடங்கி, பங்குச் சுவாமிமாரின் பெயர்களை ஆண்டுவாரியாக அடுக்கி, முகப்புக் கட்டக் காசு தந்தவர்களுக்கு நன்றி சொல்லி முடித்துவிடுவார்கள். திருவிழா மலர்கள் எல்லாம் இப்படித்தான். இந்த முறை எங்கள் அந்தோனியார் கோயில் மலருக்கு அந்தப் பகுதியை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கமக்கார (விவசாயிகள்) அமைப்பின் கணக்கு எழுதுகிறவள்தானே, இதையும் எழுதட்டும் என்று நினைத்திருப்பார்கள். எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கத்துக்கு மேல் இடமில்லை என்றார்கள். விளம்பரத்துக்கு மட்டும் பதினாறு பக்கம் இருந்தது, அது வேறு கதை. மலரில் இடம் கிடைக்காததை இங்கே போடுகிறேன்.

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆயித்தியமலைப் பங்கு, உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விளையும் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், ஒன்று. அவ்வளவு போதும். பெயரைப் போட்டு, இந்தப் பக்கத்தில் முதலில் எழும்பிய சின்னக் கோயில் எங்களுடையது என்றும் எழுதினால், அடுத்த வாய்க்கால்காரர்கள் கம்போடு வருவார்கள். அவர்களுக்கும் ஒரு கோயில் இருக்கிறது, அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

மட்டக்களப்பை அறியாதவர்களுக்கு ஒரு சொல். நடுவில் வாவி. கடலோரம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நகரமும் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரியும் எழுவான்கரையில். நெல்லும் மாடும் யானையும் படுவான்கரையில். வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுக்குள் இறங்கினால் காற்றே மாறும். ஆடி மாதத்தில் வந்து பார்த்தால் தெரியும், கச்சான் அடித்து உதடு வெடிக்கும்.

கத்தோலிக்கம் முதலில் எழுவான்கரைக்கு வந்தது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். அதன்பின் சுவாமிமார் ஒளிந்து திரிந்த காலம், ஆங்கிலேயர் காலம், 1893இல் திருகோணமலை மறைமாவட்டம், 1895இல் வந்து சேர்ந்த பிரெஞ்சு யேசு சபையினர், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு யேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்த அமெரிக்கச் சுவாமிமார். மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012இல்தான். இதெல்லாம் மலரில் விரிவாக வந்திருக்கிறது, படத்தோடு. எனக்குச் சொல்ல இருப்பது, இந்தப் பட்டியலில் ஒரு இடத்திலும் தண்ணீர் வராததைப் பற்றி.

எங்கள் கோயில் இருக்கும் இடத்தை எந்தச் சுவாமியும் தெரிவு செய்யவில்லை. வாய்க்கால்தான் தெரிவு செய்தது.

குடியேற்றத்துக்கு முன்னால் இங்கே வீடுகள் இல்லை, வாடிகள்தான். எழுவான்கரைச் சனம் மாரி தொடங்கும்போது தோணியில் வாவி கடந்து, வண்டியில் ஏறி வந்து, வயல் ஓரம் வாடி கட்டி, விதைத்து, காவல் இருந்து, வெட்டி, கதிரைக் குவித்துச் சூடு வைத்து, மிதித்து, நெல்லோடு திரும்பிப் போகும். நிலம் போடியாருக்கு. வேலைகளை முன்னின்று நடத்துகிறவர் முல்லைக்காரர். அந்தக் கூட்டத்தில் வேதக்காரக் குடும்பங்களும் இருந்தன, ஆனால் அவர்கள் இங்கே ஒரு போகத்து ஆட்கள். ஞாயிறு பூசையும் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் சொந்த ஊரில்தான். வாடியில் செபமாலை சொல்லியிருப்பார்கள், அதற்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் அரசாங்கம் குளங்களுக்குக் கீழே காணி பிரித்துக் கொடுத்தபோது அந்த ஒரு போகத்து ஆட்கள் சிலருக்குச் சொந்தமாக அனுமதிப்பத்திரம் கிடைத்தது. ஊரில் அதற்குப் பேர்மிற் என்றுதான் பெயர். இலங்கை முழுவதும் குடியேற்றத் திட்டங்களின் தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டு நிலமும் கொடுத்தார்கள். பின்னாட்களில் அது குறைந்துகொண்டே வந்தது. என் அம்மப்பா தன்னாமுனையிலிருந்து வந்தவர். பிந்தி வந்தவர், ஆகவே வாய்க்கால் கடைசியில் துண்டு கிடைத்தது. அவரோடு வந்த மற்ற வேதக்காரக் குடும்பங்களுக்கும் அப்படித்தான். துருசுக்கு (குளத்து மதகுக்கு) கிட்ட உள்ள துண்டுகள் முந்தி வந்தவர்களுக்குப் போய்விட்டன.

வாய்க்கால் கடைசி என்றால் என்ன என்று வயல் செய்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. குளத்தில் தண்ணீர் திறந்தால் தலைப்பில் உள்ளவன் வரம்பு நிறையக் கட்டிக்கொள்வான், நடுவில் உள்ளவன் இரவில் வந்து வரம்பில் வக்கடை வெட்டித் தண்ணீரைத் திருப்புவான், கடைசியில் உள்ளவனுக்கு வருவது மிச்சம். மாரிப் போகத்தில் பரவாயில்லை, மழை எல்லோருக்கும் சமமாகப் பெய்யும். கோடைப் போகத்தில்தான் மண்வெட்டியோடு மனிதர் மனிதரைத் தேடிப் போவது. எங்கள் கோயில் அந்தக் கடைசியில் நிற்கிறது. முதல் வந்த வேதக்காரர்கள் ஒன்றாக இருந்த இடம் அது என்பதால் அங்கே நிற்கிறது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. அந்தோனியார் கனவில் வந்தார், வெளிச்சம் தெரிந்தது, வண்டில் மாடு அந்த இடத்தில் நகர மறுத்தது என்று பழைய மலர் ஒன்றில் எழுதியிருக்கிறார்கள். மாடு மறுத்திருக்கலாம். அந்தச் சேற்றில் எந்த மாடும் மறுக்கும்.

முதலில் இருந்தது வரிச்சுக் கட்டி மண் பூசி வைக்கோல் வேய்ந்த ஒரு கொட்டில். 1957 டிசம்பர் வெள்ளத்தில் அது கரைந்து போனது. அந்த வெள்ளம் கிழக்கில் எத்தனையோ குளக்கட்டுகளை உடைத்தது, மண் சுவர் எம்மாத்திரம்? அடுத்தது பலகையும் தகரமும். அதை 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளி கொண்டு போனது. தகரங்களைப் பிறகு தண்ணீர் நின்ற வயலுக்குள்ளிருந்து பொறுக்கி எடுத்தார்கள் என்று அம்மா சொல்வார். அப்போது வேளாண்மை முளைத்து ஒரு மாதப் பயிர், குனிந்து கிடந்து தப்பிவிட்டது. தென்னை ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது இருக்கும் கல்லுக் கட்டடம் அதற்குப் பின்னால் வந்தது.

ஏன் அந்தோனியார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். கமக்காரரின் பாதுகாவலர் என்று திருச்சபை வைத்திருப்பது இசிதோரை. மே 15 அவருடைய நாள். உழுகிற மனிதர், எங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற புனிதர். ஆனாலும் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. என் பாட்டி, பெத்தாவிடம் ஒருநாள் கேட்டேன். அவருடைய பதில் இது:

“இசிதோரு நல்ல மனிசன்தான் புள்ள. ஆனா மாடு காணாமப் போனா அவரா தேடித் தருவாரு? அந்தோனியாரு தருவாரு.”

காட்டோரம் பட்டி மாடு வைத்திருந்த சனத்துக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். பெத்தாவின் எருமை ஒன்று கிடைத்ததற்காக நேர்ந்த மெழுகுதிரி இன்னும் பாக்கி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தோனியார் திருநாள் ஜூன் 13. ஊரில் தண்ணீர்ச் சண்டை உச்சத்தில் இருக்கும் நேரம். கோடைப் போகத்துப் பயிர் குடலை கட்டிக் கதிர் தள்ளப் பார்க்கும், குளத்தில் நீர் இறங்கிக்கொண்டிருக்கும், தண்ணீர் முறை வைத்து விடுவார்கள். அந்த நாட்களில் தலைப்புக்காரரும் கடைசிக்காரரும் ஒரே பந்தலின் கீழ் இருந்து சோறு தின்ன வேண்டும். தலைப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் சைவர்கள். அவர்களும் வருவார்கள், வராமல் இருந்தால்தான் அதிசயம். பல வருடங்களாகக் கொடியேற்றத்தில் முதல் மரியாதை வட்டவிதானைக்கு. அவர் சைவர். இதைப் பற்றி ஒரு சுவாமி முகம் சுளித்தாராம். மூப்பர் சொன்னாராம், “சுவாமி, பூசை உங்கட கையில, தண்ணி அவர்ர கையில.” சுவாமி அதற்குப் பிறகு பேசவில்லை.

வட்டவிதானை யார் என்று கேட்கும் நகரத்துப் பிள்ளைகளுக்காக: வட்டையில் எப்போது வாய்க்கால் வெட்டித் துப்புரவாக்குவது, எந்தத் துண்டுக்கு எப்போது தண்ணீர், யாருடைய மாடு யாருடைய பயிரைத் தின்றது என்பதையெல்லாம் பார்க்கிறவர். ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று அவருக்குச் சுவந்திரம் உண்டு. போகம் தொடங்க முன் அதிகாரிகளோடு பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். விதைப்பின் கடைசித் திகதி, தண்ணீர் விடும் திகதி, மாடுகளை வட்டையை விட்டு அகற்றும் திகதி, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகும். அந்தத் திகதிகளை ஞாயிறு பூசை முடிவில் வாசிப்பது எங்கள் கோயில் வழக்கம். பிரசங்கத்துக்குத் தூங்குகிறவர்களும் அதற்கு எழும்பிவிடுவார்கள்.

கோயிலுக்கு மணி வாங்கும் வசதி நெடுநாள் இருக்கவில்லை. தண்டவாளத் துண்டு ஒன்றைப் பாலை மரத்தில் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடித்தார்கள். மெல்ல மூன்று மூன்றாக அடித்தால் திரிகாலச் செபம். விடாமல் அடித்தால் யானை. ஒற்றையாக விட்டு விட்டு அடித்தால் தண்ணீர் முறை மாறுகிறது, அடுத்த ஆள் மண்வெட்டியை எடு. இந்த மூன்றில் எது பெரிய காரியம் என்று கேட்டால் சண்டை வரும். இப்போது வெண்கல மணி இருக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய காசு. யானைக்கு அதை அடிக்க ஒருவருக்கும் மனம் வருவதில்லை, வெடி கொளுத்துகிறார்கள்.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம், பதிவேடு.

மலருக்காகப் பங்கு மனையில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்டேன். சுவாமி மேசையும் மின்விசிறியும் தந்து, பேனாவைக் கிட்டக் கொண்டுபோகாதே, பென்சில் மட்டும் என்றார். ஆரம்ப வருடங்கள் இலத்தீனில். எழுத்து அழகு, ஆனால் எங்கள் ஊர்ப் பெயர்கள் இலத்தீன் வாலோடு நிற்கும்போது சிரிப்பு வரும். செபஸ்தியான் செபஸ்தியானுஸ் ஆகியிருப்பார், அந்தோனிப்பிள்ளை அந்தோனியுஸ் ஆகியிருப்பார், தங்கம்மா மட்டும் எந்த வாலும் ஒட்டாமல் தங்கம்மாவாகவே இருப்பார்.

அந்தப் பக்கங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய். பிறகு ஓரத்தில் வேறு மையில் ஒரு குறிப்பு: இன்ன வருடம் இன்ன கோயிலில் விவாகம். ஒருவர் எங்கே கலியாணம் முடித்தாலும் அந்தச் செய்தி ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் திரும்பி வந்து ஓரத்தில் ஏற வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். வரலாறு எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. ஒரு பிள்ளை எங்கே பிறந்தது, வளர்ந்து எந்த ஊருக்குப் போனது என்பது ஒரே வரியில் கிடைக்கும்.

இப்போது காணிப் பத்திரங்களைப் பாருங்கள். எங்கள் ஊரில் நான் பார்த்த பழைய பேர்மிற்றுகள் எல்லாம் ஆண்களின் பெயரில். ஊரை உருவாக்கியவர்கள் என்று மலர்களில் வரும் பட்டியலும் அந்தப் பேர்மிற்காரர்கள்தான். அவர்களோடு வந்த பெண்கள் பத்திரத்தில் இல்லை, பட்டியலிலும் இல்லை. பதிவேட்டில்தான் இருக்கிறார்கள், தாயாகவும் ஞானத்தாயாகவும். ஒரே பெண் பிள்ளைக்குப் பிள்ளை ஞானத்தாயாக நிற்பதைப் பார்த்தால், ஊரில் அவருடைய இடம் என்ன என்பது விளங்கும். அப்படி ஒருவர், எங்கள் ஊரின் மருத்துவிச்சி என்று பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. பிள்ளையை எடுத்தவரே கோயிலிலும் ஏந்தி நின்றிருக்கிறார். சுவாமி வராத மாதங்களில், பிழைக்காது என்று தோன்றிய பிள்ளைகளுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியதும் அவர்தானாம். ஆபத்து வேளையில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று உபதேசியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எங்கள் கோயிலின் முதல் ஆள் யார் என்று என்னைக் கேட்டால் அவரைத்தான் சொல்வேன். மலரில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

இதில் இன்னொரு சங்கதி. மட்டக்களப்பில் வீடு மகளுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், தாய் வழியில்தான் குடியும் (குலமும்) பார்ப்பது. குடியேற்றத்துக்கு வந்தபோது இது தலைகீழானது. காணி புருஷன் பெயரில், ஆகவே பெத்தா தன்னுடைய சீதன வீட்டைத் தங்கைக்கு விட்டுவிட்டு, முதலையும் யானையும் உள்ள இடத்துக்குப் புருஷனுக்குப் பின்னால் வந்தார். ஆனால் அடுத்த தலைமுறையில் பாருங்கள், ஓரக் குறிப்புகளில் பழைய வழக்கம் திரும்பி வந்துவிடும். பிள்ளைகளில் பெண்கள் இங்கேயே முடிக்கிறார்கள், மாப்பிள்ளைகள் தாண்டவன்வெளி, தன்னாமுனை, சொறிக்கல்முனை என்று வெளியிலிருந்து வருகிறார்கள். ஆண்கள் வெளியே போகிறார்கள். அரசாங்கம் மகனுக்குக் காணி எழுத, சனம் மகளுக்கு வீடு கட்டியிருக்கிறது.

எழுதின சட்டம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பேர்மிற்காரர் பின்னுரித்தாளரைப் பதியாமல் போய்ச் சேர்ந்தால், வாழ்க்கைத் துணைக்குப் பிறகு யாருக்குக் காணி என்பதை அதன் மூன்றாம் அட்டவணை தீர்மானிக்கும். அதில் மகன்மார் முதலில், மகள்மார் அதற்குப் பிறகு. துண்டு போடவும் முடியாது. ஆகவே வளவுக்குள் அக்கா ஒரு வீடு, தங்கச்சி ஒரு வீடு கட்டி முப்பது வருடம் இருந்த பிறகு, ஊரை விட்டுப் போன அண்ணன் பத்திரத்தோடு வந்து நிற்பார். எங்கள் ஊரில் பேசாத உடன்பிறப்புகளின் கதையைத் தோண்டினால் பாதி இதில்தான் போய் முடியும். 2022இல் சட்டத்தைத் திருத்தி, ஆண் பெண் என்ற வேறுபாட்டை எடுத்தார்கள். நல்லது. ஆனால் பெத்தாவின் காலத்து ஆட்களுக்கு அது பிந்திப் போனது.

பதிவேட்டில் வெற்று இடங்களும் இருக்கின்றன. 1990இன் நடுப்பகுதியில், யுத்தம் மறுபடி மூண்டபோது, எழுத்து நின்றுவிடுகிறது. அந்த வருடம் ஓகஸ்ட் 15இல்தான் அமெரிக்க யேசு சபைச் சுவாமி யூஜின் ஹீபர்ட், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த தமிழ்ப் பையனோடு காணாமல் போனார். மலரில் அவரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். எங்கள் வட்டையில் அந்த வருடம் சூடு மிதிக்காத துண்டுகளைப் பற்றி ஒன்றும் இல்லை. பிறகு எழுத்து மீண்டும் தொடங்கும்போது இடையிடையே வேறு கோயில்களின் முத்திரை. 2007 மார்ச்சில் மறுபடியும். படுவான்கரையே வவுணதீவு தாண்டி நகரத்துக்கு நடந்த மாதம் அது. வெட்ட வேண்டிய நெல் வயலில் நின்றது. அந்த வருடம் நகரத்து முகாமில் பிறந்த பிள்ளைகளின் ஞானஸ்நானம் நகரத்துக் கோயில் ஏட்டில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது, கலியாணத்துக்குச் சான்றிதழ் எடுக்க வந்து, எந்தக் கோயிலில் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்கள்.

செப்டெம்பரில் ஆயித்தியமலை சதா சகாய மாதா திருவிழாவுக்கு நகரத்திலிருந்து பாதயாத்திரை வரும். எங்கள் வட்டை ஓரமாகவும் ஒரு கூட்டம் போகும், நாங்கள் கஞ்சியும் தேத்தண்ணியும் வைப்போம். அப்போது வயல் வெறுமையாக இருக்கும். கோடைப் போகம் வெட்டியாகிவிட்டது, மாரிக்கு உழவு இன்னும் தொடங்கவில்லை. கையில் கொஞ்சம் நெல்லுக் காசு. இதே இடைவெளியில்தான் மண்டூர் முருகன் திருவிழா, கொக்கட்டிச்சோலைத் தேர். படுவான்கரையில் எந்தச் சாமியும் வேளாண்மையைக் கேட்காமல் திருவிழா வைப்பதில்லை என்று அப்பா சொல்வார். ஜூனில் வருகிற எங்கள் அந்தோனியார் ஒருவர்தான் விதிவிலக்கு, அவருக்குத்தான் வேலையும் கூட.

உன்னிச்சைத் தண்ணீர் இப்போது வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு நகரத்துக் குழாய்களிலும் ஓடுகிறது. குளத்துக்குக் கீழே இருக்கும் நாங்கள் கிணற்றை நம்பித் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியைப் பார்த்து நின்ற காலத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே எழுதினால் கோபம் வந்து கோயிலை விட்டுவிடுவேன்.

மலர் அச்சுக்குப் போய்விட்டது. ஆனால் இந்த வேலையை நான் விடுவதாக இல்லை. பதிவேட்டில் உள்ள ஞானத்தாய்மாரின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறேன், உயிரோடு இருப்பவர்களின் பிள்ளைகளிடம் கேட்டு யார் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று குறிக்கிறேன். சூறாவளிக்கு முந்திய பலகைக் கோயிலின் படம் யாரிடமாவது இருந்தால், கலியாணப் படத்தின் பின்னணியில் ஒரு மூலை தெரிந்தாலும் போதும், கொண்டு வாருங்கள். பேர்மிற்றின் பழைய பிரதி, வட்டவிதானையின் சுவந்திரக் கொப்பி இருந்தாலும் நல்லது. பிரதி எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவேன். செவ்வாய்க்கிழமை நவநாள் முடிந்து நான் கோயில் விறாந்தையில்தான் இருப்பேன்.